வடக்கிருத்தலும் கருணைக்கொலையும்



ஆங்கிலத்தில் ‘யூதனேசியா’ என வழங்கும் சொல் கிரேக்க மொழியிலிருந்து பிறந்தது. ‘நல்ல இறப்பு’ என்பதே அதன் நேர்பொருள். 1605-ஆம் ஆண்டில் அச்சொல்லைக் கையாண்ட பிரான்சிஸ் பேகன் என்னும் ஆங்கிலப் பேரறிஞர், இறப்பவருடைய வேதனையைத் தணித்து அவரை அமைதியாக வழியனுப்புவது மருத்துவரின் கடமை என்னும் பொருளிலேயே அதனை வழங்கினார். உயிரை முடித்தல் என்னும் பொருள் அதற்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஏறியது. பின்னர் அது நம் மொழிகளுக்கு வந்தது. தமிழில் ‘கருணைக்கொலை’ ஆயிற்று. மலையாளத்தில் ‘தயாவதம்’ ஆயிற்று. நன்மை போய்க் கருணை வந்தது. இறப்பு போய்க் கொலையும் வதமும் வந்தன. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இச்சொற்களின்மீது ஒரு மனக்குறை உண்டு. வழக்கை விசாரிக்கத் தொடங்குமுன்னரே தீர்ப்பைச் சொல்லிவிடும் சொற்கள் இவை.

குறை சொல்லளவில் நின்றுவிட்டால் பேசத் தேவையில்லை. மூன்று வேறு செயல்கள் இந்த ஒரு பெயருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒருவர் தாமே நோன்பு பூண்டு உடலை விடுத்தல் ஒன்று. மற்றொருவர் மருந்து கொடுத்து நோயாளியின் உயிரை முடித்தல், அல்லது முடித்துக்கொள்ள உதவுதல் இரண்டாவது. பயன் தராத கருவியை விலக்கி, வலியைத் தணித்து, வருகின்ற இறப்பை வரவிடுதல் மூன்றாவது. தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் தமிழர் ஒருவருக்கு நள்ளிரவில் தொலைபேசி மணி ஒலிக்கிறது. “அப்பாவுக்குச் செயற்கைச் சுவாசம் பொருத்தலாமா? விரைவில் சொல்லுங்கள்” என்று மருத்துவமனையிலிருந்து கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் கொலைப் பாவம் சேருமோ என்று அவர் நெஞ்சு நடுங்குகிறது. மூன்றையும் ஒன்றெனக் கொண்ட குழப்பத்தின் விளைவு அந்த நடுக்கம். சமயங்கள் உண்மையில் என்ன கூறின, மக்கள் அவற்றை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதைத் தமிழகத்தின் பண்டை வரலாற்றிலிருந்து தொடங்கி, யான் வாழும் திருவனந்தபுரம் வரையில் நோக்குவோம்.

சங்ககாலத்தில் வடக்கிருத்தல் என்றொரு வழக்கம் இருந்தது. வடதிசை நோக்கி அமர்ந்து, உணவை ஒழித்து, உயிர் நீங்குமளவும் அவ்வாறே இருத்தல் என்பது அதன் பொருள். சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் பறந்தலையில் கரிகாற் சோழனோடு பொருதான். அவன் மார்பில் பாய்ந்த படை முதுகையும் ஊடுருவிற்று. புறப்புண் பட்டோம் என நாணிய அம்மன்னன், கையில் வாளோடு போர்க்களத்திலேயே வடக்கிருந்தான். அவ்வூரினராகிய வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை எதிரில் வைத்துக்கொண்டே, தோற்ற சேரனை உயர்த்திப் பாடினார். அவர் துணிவை என்னென்பது! இன்றைய கேரள மண் பண்டைச் சேரநாட்டின் பகுதி. ஆதலால் இவ்வரலாற்றில் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் ஒத்த உரிமை உண்டு.

இரண்டாவது வரலாறு கோப்பெருஞ்சோழனுடையது. மக்கள் இருவர் தந்தைமீது போருக்கு எழுந்தனர். சினந்து புறப்பட்ட சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்து அறிவுரை கூறினார். போரைக் கைவிட்ட மன்னன் உயிர்வாழ்வையும் கைவிடத் துணிந்து வடக்கிருந்தான். அவனை நேரில் கண்டறியாமலே நட்புப் பூண்டிருந்த பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து உடனிருந்து உயிர் துறந்தார். பொத்தியார் என்னும் புலவரும் உடனிருக்க விழைந்தார். அவர் மனைவியோ அப்போது கருவுற்றிருந்தாள். மகவு பிறந்த பின்னர் வருக என்று மன்னன் அவரைத் திருப்பி அனுப்பினான். இறக்கத் துணிந்தவனும் பிறக்கவிருக்கும் உயிருக்கு முன்னுரிமை தந்தது எண்ணத்தக்கது.

இவர்களுள் எவரும் தீரா நோயாளி அல்லர் என்பதைக் கருதுக. மானமும் நட்புமே அவர்களை அந்நிலைக்கு உய்த்தன. ஆதலின் வடக்கிருத்தலைச் சான்றாகக் காட்டி, நம் முன்னோர் கருணைக்கொலையை ஏற்றனர் என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. எனினும் ஒன்று புலப்படுகிறது. வடக்கிருந்தவன் தனித்து விடப்படவில்லை. ஊரறிய, நண்பரும் புலவரும் சூழ, வெட்டவெளியில் அந்த இறுதி நிகழ்ந்தது. இறந்தபின் நடுகல்லும் நின்றது. குளிரூட்டிய தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிகழும் நம் காலத்து இறுதியை நோக்க, அக்காலத்தவர் சாவோடு கொண்டிருந்த பழக்கம் நம்மினும் மிகுதி எனலாம்.

வடக்கிருத்தலுக்குச் சமய நெறியாகவே இலக்கணம் வகுத்தவர் சமணர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் மார்த்தாண்டத்துக்கு அண்மையில் சிதறால் மலை உள்ளது. பழைய பெயர் திருச்சாரணத்துமலை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி எல்லைக்குள் இருந்த ஊர் இது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சார்ந்தது. அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்கு உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் செழித்திருந்த அச்சமணப் பள்ளி பின்னர்ப் பகவதி கோயிலாயிற்று. விடுமுறை நாளில் செல்லும் அன்பர்கள் மலையின் அழகை மட்டும் கண்டு திரும்பிவிடாமல் அந்தச் சிற்பங்களையும் நின்று காணவேண்டும்.

சமண நோன்பின் நேர்ச் சான்று செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருக்கிறது. சந்திரநந்தி ஆசிரியர் என்பவர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த செய்தியை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது. இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததை மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. பெயரும் நாட்கணக்குமே அங்குள்ளன, புகழுரை இல்லை. சிலப்பதிகாரத்தில், கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட கவுந்தியடிகள் இந்நோன்பையே மேற்கொண்டார் என்று சேரநாட்டு இளங்கோவடிகள் கூறுவதும் நினைவுக்கு வருகிறது.

‘சல்லேகனை’ எனப்படும் இந்நோன்பை நினைத்தவுடன் எவரும் ஏற்றுவிட முடியாது. நீங்காத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப் பிணி ஆகியவை வந்து, அறவழியில் இனி உடலைப் பேண இயலாது என்ற நிலை ஏற்படவேண்டும். ஆசானின் இசைவு வேண்டும். உணவைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். பகை ஒழிந்து அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். சமந்தபத்திரர் வடமொழியில் எழுதிய நூலும் அதன் வழிவந்த ‘அருங்கலச்செப்பு’ என்னும் தமிழ் நூலும் இதனைப் பேசுகின்றன. நோன்பிற்குக் குற்றம் பயப்பவை என ஐந்து செயல்களையும் சமண நூல்கள் வகுத்துள்ளன. இன்னும் சில நாள் வாழ்ந்தால் நன்று என விரும்புவது அவற்றுள் ஒன்று. விரைவில் இறந்தால் நன்று என விரும்புவதும் ஒன்று! சாவை விரும்பியவன் நோன்பில் தவறியவன் ஆகிறான். தற்கொலைக்கும் தமது நோன்புக்கும் தொடர்பில்லை என்று சமணர் சொல்வதன் அடிப்படை இந்த நுட்பம்.

நீதிமன்றத்தில் இந்நுட்பம் எளிதாக எடுபடவில்லை. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் இராசஸ்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலை முயற்சியாகக் கருதி நடவடிக்கை எடுக்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமணர் ஊர்வலம் சென்றனர். அம்மாதம் 31-ஆம் நாளே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

வைதிக மரபின் கருத்து இருவகைப்பட்டது. தற்கொலை பெரும்பாவம் என அறநூல்கள் கடிகின்றன. அதே நூல்கள் மூப்பினாலும் தீராப் பிணியினாலும் கடமைகளைச் செய்ய இயலாதவர்க்குப் ‘பிராயோபவேசம்’ என்னும் உண்ணாநோன்பையும், திரும்பி வாராத வடதிசைப் பயணமாகிய ‘மகாபிரஸ்தானத்தையும்’ விலக்காக அனுமதித்தன. பாண்டவர் இறுதியில் வடக்கு நோக்கி நடந்ததை மகாபாரதத்தின் ஒரு பருவமே கூறுகிறது. பிற்காலத்து நிபந்த நூலார் இந்த விலக்கும் ஆபத்தானது எனக் கண்டனர் போலும். கலியுகத்தில் செய்யத்தகாதவை என்று அவர்கள் வகுத்த பட்டியலில் மகாபிரஸ்தானத்தைச் சேர்த்துவிட்டனர். ஆயினும் வழக்கம் அற்றுப்போகவில்லை. 1982-ஆம் ஆண்டு நவம்பரில் பவுனார் ஆசிரமத்தில் ஆசாரிய வினோபா பாவே உணவும் மருந்தும் மறுத்து 15-ஆம் நாள் மறைந்தார். அவர்மீது எவரும் வழக்குத் தொடரவில்லை, நாடே வணங்கிற்று.

இனிக் கேரளத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கைக் கூறவேண்டும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், முதுமையில், எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றத்தை அணுகினார். அவருக்குக் கொடுநோய் இல்லை, வறுமை இல்லை, பிள்ளைகள்மீது குறையும் இல்லை. நிறைவாக வாழ்ந்துவிட்டேன், இனி என் விருப்பப்படி விடைபெற்று உடலுறுப்புகளைப் பிறருக்கு வழங்க விரும்புகிறேன், இதற்கென அரசு ‘மகாபிரஸ்தான கேந்திரங்களை’ நிறுவவேண்டும் என்பது அவர் மனு. அறநூலார் கலியுகத்துக்கு ஆகாதென்று விலக்கிய சொல்லை ஓர் ஆசிரியர் எடுத்து, அரசாங்கத் துறையொன்றின் பெயராக்கித் தருகவென்று நீதிமன்றத்தின்முன் வைத்தார்! 2000-ஆம் ஆண்டில் மனு தள்ளுபடியாயிற்று. எக்காரணம் பற்றியாயினும் ஒருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ளுதல் சட்டத்தின் கண்ணில் தற்கொலையே என்றது நீதிமன்றம்.

அத்தீர்ப்புக்குப் பின்னணி உண்டு. தற்கொலை முயற்சியைத் தண்டித்த 309-ஆம் பிரிவு செல்லாதென 1994-இல் உச்சநீதிமன்றத்தின் ஈரவை ஆயம் கூறியது. 1996-இல் ஐவர் ஆயம் கியான் கவுர் வழக்கில் அதனை மாற்றியது. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது. ஆனால் இயற்கையான இறுதி நெருங்கியபோது மாண்போடு இறப்பது வாழும் உரிமையின் பகுதியாகலாம் என்று அவ்வாயம் ஒரு கோடு கிழித்தது. சல்லேகனை நூலார் கிழித்த கோட்டுக்கு இது மிகத் தொலைவில் இல்லை. நிறைவாக வாழ்ந்த ஆசிரியரின் வேண்டுகோள் கோட்டின் அப்புறத்தில் விழுந்தது.

கேரள மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 55 பேர் இந்துக்கள், 27 பேர் இசுலாமியர், 18 பேர் கிறித்தவர் என்பது 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆதலால் பின்னிரு சமயங்களின் கருத்தை அறியாமல் இங்குள்ள பொதுமக்கள் மனத்தை அறிய இயலாது. உயிர் இறைவன் தந்த அடைக்கலப் பொருள், அதன்மேல் மனிதனுக்கு உடைமை இல்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கிறித்தவத்தில் 5-ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனாரும் 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸும் தற்கொலையை மறுத்து எழுதியவை இன்றும் அடிப்படையாக நிற்கின்றன. திருக்குரானும் தன்னைத்தான் மாய்த்தலை விலக்குகிறது. மருந்து கொடுத்து உயிரை முடிக்கும் செயலை இவ்விரு சமயங்களும் எக்காலத்தும் ஏற்றதில்லை.

பலர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றனர். எஞ்சிய பாதியை அறிய, மருத்துவ வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கவேண்டும். 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையாலேயே காற்றைச் செலுத்திப் பலரைப் பிழைக்கவைத்தனர். பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர் வகுத்த வழி அது. தீவிரச் சிகிச்சைப் பிரிவு அங்கிருந்து வளர்ந்தது. கைக்குப் பதிலாகப் பொறி வந்தது. உடன் ஒரு புதிய கேள்வியும் வந்தது: மீளும் நம்பிக்கை அற்றபின் பொறியை நிறுத்தலாமா?

இன்ஸ்புருக் நகரத்து மயக்க மருத்துவர் ஒருவர் இக்கேள்வியை உரோமாபுரிக்கே அனுப்பினார். 1957-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் விடையளித்தார். உயிரைப் பேண வழக்கமான வழிகளைக் கையாளுதல் கடமை. பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாண்டே தீரவேண்டும் என்னும் கடமை இல்லை என்றார் அவர். வலியைத் தணிக்கும் மருந்து ஒருகால் வாழ்நாளைச் சற்றுக் குறைக்கக்கூடுமாயினும், நோக்கம் வலிதணிப்பே என்றால் அதனைக் கொடுக்கலாம் என்று அவ்வாண்டு பிப்ரவரியிலேயே கூறியிருந்தார். 1980-இல் வாத்திகன் வெளியிட்ட அறிக்கை கருணைக்கொலையை வன்மையாகக் கண்டித்தது. அதே அறிக்கை இந்த இரு கருத்துக்களையும் மீண்டும் உறுதிசெய்தது. 1981-இல் குவைத்தில் கூடிய இசுலாமிய மருத்துவ மாநாடு வகுத்த நெறிமுறையும் உயிர்க்கொலையை மறுத்தது. ஆனால் மீள இயலாத நிலையில் நோயாளியைக் கருவிகளால் வலிந்து நீட்டித்துவைப்பது பயனற்றதென்றும், மருத்துவர் காக்கவேண்டியது வாழ்வேயன்றிச் சாகும் செயல் அன்றென்றும் அது விளக்கியது.

ஆக, சமணர், வைதிகர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய நால்வரும் முன்சொன்ன முதல் செயலில் வேறுபடுவர். இரண்டாவதைப் பெரும்பாலும் மறுப்பர். மூன்றாவதில் வியக்குமளவு நெருங்கி நிற்பர். இதனைப் பாமர மக்கள் அறியாதது குற்றமன்று. மேடையில் ஏறிச் சமயம் பேசுவோர் இந்த மூன்றாவதைப் பேசுவது அரிது என்பதே என் குறை.

சட்டத்தின் பக்கம் திரும்புவோம். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக் 1973-ஆம் ஆண்டு பணியிடத்திலேயே கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி உணர்விழந்தார். அவர் சார்பில் தொடரப்பட்ட வழக்கில் 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம், கடுங்கட்டுப்பாடுகளுடன் சிகிச்சையை விலக்கலாம் என்னும் பொதுநெறியை ஏற்றது. அருணாவின் வகையில் மட்டும் இசைவு மறுத்தது. மறுக்கும்படி வேண்டியவர்கள் யார் தெரியுமா? ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்காலம் அவரைக் குளிப்பாட்டி உணவூட்டிவந்த அம்மருத்துவமனைச் செவிலியர். அத்தோழியை அவர்கள் தம் குழந்தைபோல் பேணினர். 2015 மே 18-ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் அருணா மறைந்தார். இருதரப்பிலும் கருணை இருந்தது. இத்தகைய வழக்கில் ஒருசாராரைக் கொடியவர் என்று பேசுவது எளிய வழி. உண்மையான வழி அன்று.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் ஐவர் ஆயம், மாண்புடன் இறத்தல் வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்த்து, ஒருவர் தமக்கு வேண்டாத சிகிச்சையை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றது. மருந்து கொடுத்து உயிரை முடித்தல் இந்தியாவில் அன்றும் குற்றம், இன்றும் குற்றம். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002-ஆம் ஆண்டிலிருந்தும், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1997-ஆம் ஆண்டிலிருந்தும் வேறு வழியிற் செல்கின்றன. அந்நாடுகளில் கருத்துக்கணிப்பு எடுத்தவர்கள், தவறாது வழிபாட்டுக்குச் செல்வோரிடையே ஆதரவு குறைவாகவும் ஏனையோரிடையே மிகுதியாகவும் இருப்பதைக் கண்டுள்ளனர். அக்கணக்கை அப்படியே எடுத்துவந்து நம் நாட்டுக்குப் பொருத்துவது தவறாகும். அவர்கள் கேள்வி தன்னுரிமை பற்றியது. நம்மிடையே கேள்வி பெரும்பாலும் வலியும் செலவும் பற்றியது.

அவ்வலியின் வரலாற்றில்தான் திருவனந்தபுரத்துக்குச் சிறப்பிடம் உண்டு. மார்பின் என்னும் மருந்து அபினியிலிருந்து எடுக்கப்படுவது. சட்டபூர்வமாக அபினி விளைவித்து அயல்நாடுகளுக்கு அனுப்பும் நாடு நம் நாடு. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச்சட்டம் வந்தபின், நம் புற்றுநோயாளிக்கே அம்மருந்து எட்டாப் பொருளாயிற்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு விதி. ஒரு புட்டிக்குப் பல உரிமங்கள். வேதனை பொறாத நோயாளி “என்னைக் கொன்றுவிடுங்கள்” என்று கதறுவது சாவின்மேல் உள்ள விருப்பத்தாலா, மருந்து இன்மையாலா? இலண்டன் மாநகரில் 1967-இல் புனித கிறிஸ்டபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதே கேள்வியைத்தான் எழுப்பினார். தம் கிறித்தவ நம்பிக்கையால் கருணைக்கொலையை எதிர்த்த அவர், எதிர்ப்பதோடு நில்லாமல், உடல்வலி, மனவலி, குடும்பக்கவலை, ஆன்மவேதனை நான்கையும் சேர்த்துப் ‘முழுவலி’ எனப் பெயரிட்டு அதற்கு மருத்துவம் வகுத்தார்.

1981-இல் திருவனந்தபுரத்தில் வட்டாரப் புற்றுநோய் மையம் தோன்றியது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். இராசகோபாலும் சுரேஷ் குமாரும் வலிதணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். நூற்றாண்டின் திருப்பத்தில் மலப்புறம், கோழிக்கோடு பகுதிகளில் இப்பணி மருத்துவமனைச் சுவர்களைத் தாண்டி அக்கம்பக்கத்தார் பணியாயிற்று. ஆசிரியர், கடைக்காரர், மாணவர், இல்லத்தரசியர் ஆகியோர் பயிற்சி பெற்று, சமயம் பாராது நோயாளியின் வீடு தேடிச் செல்கின்றனர். படுக்கைப்புண்ணைத் துடைக்கும் கைக்கு எந்த வேதம் வழிகாட்டிற்று என எவரும் கேட்பதில்லை. 2003-இல் இராசகோபால் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ அமைப்பைத் தொடங்கினார். 2008-இல் கேரள அரசு, இந்திய மாநிலங்களில் முதலாவதாக, தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2014-இல் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்பின் பெறும் வழியை எளிதாக்கியது. இதற்கிடையே 2010-ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று 40 நாடுகளை ‘இறப்பின் தரம்’ நோக்கி வரிசைப்படுத்தியது. இங்கிலாந்து முதலிடம், இந்தியா நாற்பதாவது. அவ்வறிக்கையே கேரளத்தை மட்டும் விலக்காக எடுத்துப் பாராட்டியது.

எல்லாம் பொன்னாக இருப்பதாக எண்ணவேண்டாம். மார்பின் என்றாலே அடிமைத்தனம் என்னும் அச்சம் இங்கும் முற்றும் ஒழியவில்லை. துன்பம் முன்வினைப் பயன், அதனைத் துய்த்தே தீர்க்கவேண்டும் என மருந்தை மறுக்கும் முதியவர்களை யான் கண்டிருக்கிறேன். நோய் வினைப்பயன் என்றால், அருகிருந்து மருந்து தருபவனும் அவ்வினையின் வழியே வந்தவன் ஆகமாட்டானா? இன்னொன்றும் சொல்லவேண்டும். கருவியை நிறுத்துவதற்கு எதிராகச் சமயத்தின் பெயரால் எழும் குரல் பல வேளைகளில் சமயக்குரல் அன்று. செலவுக்கு அஞ்சி விட்டுவிட்டான் என்று உறவினர் ஏசுவரே என்னும் அச்சத்தின் குரல். அயலூரில் வாழும் பிள்ளைகளுக்கு இவ்வச்சம் இருமடங்கு. அருகில் இல்லாத குறையை ஈடுசெய்ய, எல்லாச் சிகிச்சையும் செய்யுங்கள் என்று தொலைவிலிருந்து கூறிவிடுகின்றனர்.

இதற்கு நேர்மாறான கொடுமையும் நம்மிடம் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பகுதியில், படுத்துவிட்ட முதியோரை உறவினரே முடித்துவிடும் ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம் பற்றி 2010-ஆம் ஆண்டளவில் செய்திகள் வெளிவந்தன. முதியவரின் இசைவு அங்குக் கேட்கப்படுவதில்லை. ஊரார் அதனைக் கருணை என்று வழங்குகின்றனர். வடக்கிருந்த சோழனோடும் சிதறால் சமணரோடும் இதனைச் சேர்த்துப் பேசுவது கொடுமைக்குப் பழம்பெருமை பூசுவதாகும். மருத்துவர் கையால் உயிரை முடிப்பதைச் சட்டமாக்கக் கூடாதென்போர் வலிமையான காரணமாகக் காட்டுவது இதனையே. வறுமையும் சுமையும் நிறைந்த வீட்டில் முதியவர் கூறும் ‘சரி’ என்னும் சொல் உண்மையில் யாருடைய சொல்? இவ்வினா உள்ளவரையில் அவர்கள் அச்சத்தை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவதற்கில்லை.

முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம் இவ்விடத்தில் பயன்படுகிறது. அது பிறர் சொல்லை அன்று, நோயாளியின் சொல்லைக் காக்கிறது. 2018-ஆம் ஆண்டு வகுத்த முறையில் நீதித்துறை நடுவரின் கையொப்பம் வேண்டியிருந்தது. அலைச்சலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் அதனை நாடவில்லை. 2023-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் உச்சநீதிமன்றம் முறையை எளிதாக்கியது. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனமுடைய எவரும் எழுதலாம். இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று பெற்றாற் போதும். தம்மால் பேச இயலாத நிலையில் தமக்காக முடிவு கூறவேண்டிய உறவினரின் பெயரைக் குறிக்கவேண்டும். ஒருவருக்கு மேற்பட்டோரையும் குறிக்கலாம். அந்நிலை வரும்போது மருத்துவமனையின் முதற்குழுவும், மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெற்ற இரண்டாம் குழுவும் ஆராய்ந்து, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் தத்தம் கருத்தைக் கூறவேண்டும். ஆவணம் எழுதாதவர் வகையிலும், குடும்பத்தார் இசைவோடு இக்குழுக்கள் முடிவெடுக்கலாம். 2024-இல் கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் இதுபற்றி மக்களுக்கு விளக்கம் தரும் மையம் ஒன்று தொடங்கப்பட்டது. 2025 சனவரியில் கருநாடக அரசு தன் மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது.

நாளிதழ்கள் இவ்வாவணத்தை ‘வாழும் உயில்’ என்று எழுதுகின்றன. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததனால் வந்த பெயர் அது. உயில் எங்ஙனம் வாழும்? ‘மருத்துவ முன்விருப்பம்’ என்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பெயர் எதுவாயினும், பிற மாநிலத்தில் வாழும் நம்மவர் ஒன்றைக் கருதவேண்டும். தமிழில் எழுதி ஒப்பமிட்ட தாளை இலக்னோவிலோ புனேயிலோ உள்ள இரவுநேர மருத்துவர் படித்தறிய இயலாது. ஆதலால் அவ்வூரார் அறிந்த மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதி ஒப்பமிடுக. உள்ளூர் ஆட்சிமன்ற அதிகாரியிடமும், பெயர் குறிக்கப்பட்ட உறவினரிடமும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும் படி ஒவ்வொன்று இருக்கட்டும். ஊரிலுள்ள தாய்தந்தையர்க்கு மட்டும் தமிழிலேயே, அவர்களோடு அமர்ந்து, அவர்கள் சொற்களிலேயே எழுதித் தருக.